பக்கம் ஐந்தும் மெயின் லிஃப்டும்

இதழியல் படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் போட்ட தலைப்புகளில் அதிகம் பேர் படித்தது, அச்சாகவே கூடாத ஒரு தலைப்பு. போட்டேன் என்றுகூடச் சொல்ல முடியாது, எடுக்க மறந்தேன். இந்தத் தொழிலில் இரண்டும் ஒன்றுதான்.

எனக்கு இப்போது இருபத்தாறு வயது. பணி அனுபவம் எழுதுகிற வயதா என்று கேட்காதீர்கள். நானே என்னை இரண்டு முறை கேட்டுப் பார்த்தேன். இரண்டு முறையும் 'எழுது, எழுது' என்றுதான் பதில் வந்தது.

1. நேர்காணல்

எங்களுடையது மயிலாப்பூர், மந்தைவெளி, ராஜா அண்ணாமலைபுரம் வட்டாரத்துக்கு மட்டும் வரும் இலவச வார இதழ். பன்னிரண்டு பக்கம். சனிக்கிழமை காலையில் ஒவ்வொரு அடுக்குமாடிக் கட்டடத்தின் வாசலிலும் கட்டாக இறங்கும். செக்யூரிட்டி அதை வீடு வீடாகப் போட்டுவிடுவார். சபாக் கச்சேரி, உடைந்த தண்ணீர்க் குழாய், காணாமல்போன பூனை எல்லாம் உண்டு. அலுவலகம், மாட வீதியில் ஒரு பாத்திரக் கடையின் மாடி. வேளச்சேரியிலிருந்து பறக்கும் ரயிலில் வந்து இறங்கி, வேர்க்க வேர்க்க நடந்து, படியேறிப் போய் உட்கார்ந்தேன்.

எடிட்டர் ஜெயஸ்ரீ மேடத்துக்கு நாற்பது வயது இருக்கும். கொண்டையில் ஒரு பேனாவைச் செருகிக்கொண்டு, மேஜையெல்லாம் பேனா தேடிக்கொண்டிருந்தார்.

"எம்.ஏ.ல என்ன ப்ராஜெக்ட் பண்ணே?" என்றார்.

கேட்டிருக்கக் கூடாது. நான் ஆரம்பித்துவிட்டேன். தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி நடந்த காலம். தோலின் நிறத்தைப் பார்த்துத் தனி பெஞ்ச், தனி வாசல், தனி பஸ். ஆட்சியில் இருந்த வெள்ளையர்களில் பெரும்பாலோரின் தாய்மொழி ஆஃப்ரிக்கான்ஸ். அந்த மொழி நாளிதழ்கள் பலவும் ஆளும் கட்சிக்கு வேண்டப்பட்டவை. ஆனால் அவற்றின் ஆசிரியர்களில் சிலர், தங்கள் சொந்த வாசகர்களிடமே, சொந்தக் கட்சிக்காரர்களிடமே, 'நாம் செய்வது சரியில்லை' என்று எழுதத் தொடங்கினார்கள். உள்ளே இருந்தவர்கள் அவர்களைத் துரோகி என்றார்கள். வெளியே அடிபட்டுக்கொண்டிருந்தவர்கள், 'இவ்வளவுதானா?' என்றார்கள். என் ஆய்வே அந்த ஆசிரியர்களைப் பற்றித்தான்! நான் நாற்காலியின் நுனிக்கே வந்துவிட்டேன்.

மேடம் பேனா தேடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "அவா எழுதினதால ஏதாவது மாறித்தா?"

"கொஞ்சம். லேட்டா. போதாது. பாதிப் பாதியா கேட்டு என்ன மேடம் பிரயோஜனம்? என் முடிவுரையே அதான்."

"சரி, நாளைக்கு வந்துடு. லஸ் கார்னர்ல குழாய் உடைஞ்சு மூணு நாளாச்சு. அதுக்கும் ஒரு முடிவுரை எழுதணும்."

2. எட்டாவது மாடி

மேடத்தின் வீடு ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு பத்து மாடிக் கட்டடத்தில், எட்டாவது மாடியில் இருக்கிறது. நான் சேர்ந்து இரண்டு மாதம் இருக்கும். ஒரு புதன்கிழமை, திருத்த வேண்டிய பக்கங்களை எடுத்துக்கொண்டு அங்கே போனேன். மெயின் லிஃப்டில் என்னுடன் ஒரு அம்மாவும் அவருடைய லாப்ரடார் நாயும் ஏறினார்கள். நாயின் பெயர் பிஸ்கட். பிஸ்கட் என் பக்கங்களில் ஒன்றை நக்கியது.

எட்டாவது மாடியில் கதவு திறந்தபோது, பக்கத்துப் படிக்கட்டில் ஒரு அக்கா முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூச்சு வாங்கியது. மேடம் வீட்டில் வேலை செய்யும் கஸ்தூரி அக்கா என்று பிறகுதான் தெரிந்தது.

"இன்னா பாப்பா, நாயோட வந்தியா? குடுத்து வெச்ச நாய். எனக்கு நாலு காலு இருந்தா நானும் அதுல வந்திருப்பேன்" என்று சொல்லிச் சிரித்தார்.

லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த அறிவிப்பை அப்போதுதான் படித்தேன். 'பணிப்பெண்கள், ஓட்டுநர்கள், டெலிவரி நபர்கள் சர்வீஸ் லிஃப்டை மட்டுமே பயன்படுத்த வேண்டும். செல்லப்பிராணிகள் உரிமையாளருடன் மெயின் லிஃப்டில் வரலாம்.' அந்த சர்வீஸ் லிஃப்ட் பழுதாகி மூன்று வாரம். கஸ்தூரி அக்காவுக்கு அந்தக் கட்டடத்தில் ஐந்து வீடு. எட்டு, மூன்று, ஒன்பது, ஆறு, மறுபடி ஒன்பதாவது மாடி. அந்தந்த வீட்டுக்காரர்களின் வசதிப்படி நேரம் என்பதால் ஏறி இறங்கி ஏறி இறங்கி ஓட வேண்டும். கண்ணகி நகரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த பிறகு இது.

"மெயின் லிஃப்ட்ல ஏறிட்டா என்னக்கா பண்ணுவாங்க?"

"கேட்டுல என் என்ட்ரி நம்பர பிளாக் பண்ணிடுவாங்க. அப்பால அஞ்சு வூடும் அம்பேல். டாக்டரு இன்னா சொல்றாரு, படி ஏறாதன்றாரு. ஏறலன்னா மேல கீற மூணு வூட்ட வுட்றணும். இன்னும் ரெண்டு வாரம் பாப்பேன். அதுக்கு மேல முட்டி தாங்காது."

என் தலைக்குள் நூறு பட்டாசு. தனி லிஃப்ட்! இரண்டு வருடம் எதைப் பற்றி வாசித்தேனோ அது ராஜா அண்ணாமலைபுரத்தில் லேமினேட் செய்து ஒட்டப்பட்டிருக்கிறது! உள்ளே ஓடிப்போய் மேடத்திடம் கொட்டினேன். அவர் அமைதியாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"தெரியும். அந்த ரூல்ல என் கையெழுத்தும் இருக்கு."

தொற்றுக் காலத்தில் அவர் சங்கக் கமிட்டியில் இருந்தாராம். நோய் பரவாமலிருக்க என்று போட்ட விதி. நோய் போய்விட்டது. விதி மட்டும் எடுப்பார் இல்லாமல் நின்றுவிட்டது. தினமும் தன் வீட்டுக்கு மூச்சு வாங்க வருகிறவரிடம் 'உக்காந்துட்டு வேலையைப் பாரு' என்று சொல்வதோடு தன் மனசாட்சி வேலையை முடித்துக்கொள்கிறது என்றார்.

"எழுதணும்" என்றார்.

"எழுதணும்!" என்று நான் குதித்தேன்.

3. தலைப்பு

வியாழக்கிழமை மாலை எங்கள் பக்கங்கள் அச்சகத்துக்குப் போகும். காலையிலேயே நான் லே-அவுட்டில் உட்கார்ந்து, ஐந்தாம் பக்கத்தில் மேடம் எழுதப்போகும் கட்டுரைக்கு இடம் விட்டு, 'ராஜா அண்ணாமலைபுரத்தில் நிறவெறி!' என்று ஒரு தற்காலிகத் தலைப்பைப் போட்டு வைத்தேன். முதல் பக்கத்தின் அடியில் 'உள்ளே' என்று ஒரு பட்டை வரும். இன்ன செய்தி இன்ன பக்கம் என்று மூன்று வரி. அங்கேயும் அதையே போட்டேன். ஆச்சரியக்குறியுடன்.

மதியம் மேடத்தின் கட்டுரை வந்தது. கட்டுரையே இல்லை, கடிதம். 'அன்புள்ள அண்டை வீட்டாருக்கு' என்று தொடங்கியது. 'அந்த விதியில் என் கையெழுத்தும் உண்டு, அதை நான் திரும்பப் பெற விரும்புகிறேன்' என்றது. கஸ்தூரி அக்கா ஒரு நாளில் ஏறுகிற மாடிகளை ஒவ்வொன்றாகச் சொன்னது, நாய்க்கு மெயின் லிஃப்ட் உண்டு என்பதையும் சொன்னது. கடைசியில் எடிட்டர் என்ற பட்டம்கூட இல்லை. 'ஜெயஸ்ரீ, 8-பி' என்று வீட்டு எண்.

"மேடம், இது என்ன கடிதமா, கல்யாணப் பத்திரிகையா? இவ்வளவு மரியாதை எதுக்கு? அறைய வேண்டாமா?"

"நீ அறைஞ்சுட்டு வேளச்சேரிக்கு ரயில் ஏறிடுவே. நான் நாளைக்கும் இவாளோடதான் பால் பாக்கெட் எடுக்கணும். தலைப்பை மாத்து. 'நம் லிஃப்ட் பற்றி ஒரு கடிதம்.' போதும்."

உதட்டைப் பிதுக்கிக்கொண்டே ஐந்தாம் பக்கத்தில் மாற்றினேன். என் ஆய்வில் நான் யாரைத் திட்டினேனோ அதே ஆட்களிடம் வேலைக்கு வந்திருக்கிறேனே என்று நினைத்துக்கொண்டேன். அந்த வேகத்தில் முதல் பக்கத்துப் பட்டையை மறந்தேன். மேடம் ஐந்தாம் பக்கத்தை மூன்று முறை படித்தார். முதல் பக்கத்தைப் படிக்கவில்லை. 'உள்ளே' பட்டையை யாருமே படிப்பதில்லை என்பது எங்கள் அலுவலகத்தில் நிலவிய நம்பிக்கை.

4. சனிக்கிழமை

எல்லோரும் படித்தார்கள்.

ஏழரை மணிக்குள் மேடத்துக்கு ஒன்பது ஃபோன். பத்தாவது, சங்கச் செயலாளர் வரதன் சார். ஓய்வுபெற்ற எஞ்சினியர். விஷயம் தெரிந்து மேடம் வீட்டுக்கு ஓடி வந்திருந்த என்னையும் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்க வைத்தார்.

"என்ன மேடம் அக்கிரமம்? நாங்க என்ன சவுத் ஆப்பிரிக்காவா நடத்தறோம்? லிஃப்டு ஸ்பேர் பார்ட் வரலைங்க, அவ்வளவுதான். உங்க பேப்பர் இனிமே இந்த கேட்டுக்குள்ள வராது. கட்டை அப்படியே பம்ப் ரூம்ல வெக்கச் சொல்லிட்டேன். பக்கத்து மூணு அபார்ட்மென்ட் செகரட்டரிக்கும் சொல்லிட்டேன். நாளைக்கு அவசரக் கூட்டம். நீங்க வந்து மன்னிப்பு கேக்கணும்."

கேட் வாசலில் விடுவதில்தான் எங்கள் பத்திரிகை உயிர் வாழ்கிறது. நான்கு கேட் மூடினால் பிறகு நாற்பது மூடும். "நான் ரிசைன் பண்ணிடறேன் மேடம்."

"ரிசைன் பண்ணிட்டு எங்க போவே? வா, பம்ப் ரூமுக்குப் போகலாம். பேப்பர்ல முதல் பக்கம் மட்டும்தான் வாட்ஸ்அப்ல சுத்தறது. அஞ்சாம் பக்கத்தை ஒருத்தரும் படிக்கலை. நாமளே கொண்டுபோய்க் குடுப்போம்."

"லிஃப்ட்லயா?"

"படியில."

5. கதவுகள்

நாற்பத்தெட்டு வீடு. தம்பி தங்கைகளே, வாசகரைச் சந்திக்க வேண்டும் என்று வகுப்பில் சொல்வார்கள். வாசகர் பனியனோடு கதவைத் திறந்து உங்களைப் பார்க்கும்போதுதான் அதன் அர்த்தம் புரியும்.

ஆறாவது மாடியில் ஒரு பெரியவர் கதவைத் திறந்ததும் தன் முழங்கையை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "பாரும்மா. என் கலரைப் பாரு. ஸ்கூல்ல எனக்குக் கரிக்கட்டைன்னு பேரு. நான் யார்கிட்ட நிறவெறி காட்ட முடியும், சொல்லு?"

"சார், அது தப்பா வந்துடுச்சு. அஞ்சாம் பக்கம் படிங்க."

வாசலிலேயே நின்று படித்தார். படித்துவிட்டு மேடத்தைப் பார்த்து, "நன்னாத்தானே எழுதிருக்கே. தலைப்பு யாரு?" என்றார்.

"நான்தான் சார்" என்றேன்.

"உனக்கு சினிமாவுல நல்ல எதிர்காலம் இருக்கு" என்று கதவைச் சாத்தினார்.

மூன்றாவது மாடி இளம் தம்பதிக்கு சர்வீஸ் லிஃப்ட் பழுது என்பதே தெரியாது. "ஓ, அதான் அக்கா டெய்லி லேட்டா? நாங்க பஸ் லேட்டுன்னு நெனச்சோம்!" பிஸ்கட்டின் அம்மா, "நாய்ன்னு பொதுவாப் போட்டதால விட்டேன். பிஸ்கட் பேர் வந்திருந்தா நடக்கறதே வேற" என்றார். பிஸ்கட் இன்னொரு பிரதியை நக்கியது.

ஏழாவது மாடித் திருப்பத்தில் மேடம் உட்கார்ந்துவிட்டார். கொண்டை அவிழ்ந்து, பேனா படியில் உருண்டு கீழே போயிற்று. எழுந்து எடுக்க முடியவில்லை. "ஒரு தடவை ஏறினதுக்கே இப்படி" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு மீதி வீடுகளில் அவர் பேசிய குரல் வேறு மாதிரி இருந்தது. எனக்கும் சத்தம் கொஞ்சம் குறைந்திருந்தது என்று நினைக்கிறேன்.

6. கூட்டம்

ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணி, கீழே கார் நிறுத்துமிடம். சங்கத்தின் விதிப்படி எதையாவது தீர்மானிக்க மூன்றில் ஒரு பங்கு வீட்டுக்காரர்கள் வர வேண்டும். பதினாறு பேர். சங்கக் கூட்டத்துக்கு வழக்கமாக வருவது ஒன்பது பேரும் முப்பது டீயும் என்றார் மேடம். அன்று நாற்காலி போதாமல் கார் பானட் மேல் சாய்ந்து நின்றார்கள்.

வரதன் சார் எழுந்து, "முதல்ல மன்னிப்பு" என்றார்.

மேடம் உடனே எழுந்தார். "அந்தத் தலைப்பு என் பேப்பர்ல வந்தது. நான் பாக்காம விட்டேன், என் தப்பு. வர்ற சனிக்கிழமை அதே இடத்துல வருத்தம் தெரிவிப்போம்."

எனக்கு முகம் தொங்கிவிட்டது. இவ்வளவு சீக்கிரமாகவா? ஆனால் மேடம் உட்காரவில்லை.

"ஒண்ணு கேக்கட்டுமா சார்? இன்னிக்கு எத்தனை பேர் வந்திருக்கா?"

"முப்பத்தொண்ணு!" என்றார் வரதன் சார் பெருமையாக. "சங்கம் ஆரம்பிச்சதுலேர்ந்து இவ்வளவு கூட்டம் வந்ததில்ல!"

"அப்போ ஓட்டெடுக்கலாமே. லிஃப்ட் விதியை எடுக்கணும்னு தீர்மானம் கொண்டுவரேன்."

வரதன் சார் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். என்னைத் திட்டுவதற்காகத் திரண்ட கூட்டம் ஓட்டுப் போடத் தகுதியான கூட்டமாகிவிட்டது! நான் கை தட்டப் போனேன். மேடம் என் காலை மிதித்தார்.

ஒரு மணி நேரம் பேசினார்கள். பாதுகாப்பு என்றார் ஒருவர். குப்பை வாடை என்றார் ஒருவர். "அப்போ நாளைக்குப் பிஸ்கட்டை இறக்கிவிடச் சொல்லுவீங்க" என்றார் பிஸ்கட்டின் அம்மா. ஆறாவது மாடிப் பெரியவர் தன் கையை மறுபடி எல்லோருக்கும் காட்டினார். கடைசியில் ஒருவர் எழுந்தார்: "மொத்தமா எடுக்கறதுக்கு நாங்க சில பேர் ஒத்துக்க மாட்டோம். சர்வீஸ் லிஃப்ட் ரிப்பேர் ஆகற வரைக்கும் மெயின் லிஃப்ட்ல வரட்டும். அதுக்கு வேணா கை தூக்கறோம்."

மேடம் கூட்டத்தை எண்ணுவது தெரிந்தது. முழுசாகக் கேட்டால் தோற்போம். பாதியைக் கேட்டால் ஜெயிப்போம்.

"வேண்டாம் மேடம்!" என்று அவர் காதில் சீறினேன். "பாதிக்கு ஒத்துக்கிட்டா விதி சரின்னு ஒத்துக்கிட்ட மாதிரி. நான் இதைத்தான் நூறு பக்கம் எழுதினேன்!"

"எனக்கும் தெரியலைடி" என்றார். உண்மையாகவே தெரியவில்லை என்பது முகத்தில் இருந்தது. "நீ போய்க் கஸ்தூரியைக் கேளு."

கஸ்தூரி அக்காவுக்குக் கூட்டத்தில் இடமில்லை. கேட்டுக்குப் பக்கத்தில் மற்ற அக்காக்களோடு நின்றுகொண்டிருந்தார். ஓடினேன். அவர் கட்டாயம் முடியாது என்பார், நான் அதைக் கொண்டுவந்து கூட்டத்தின் நடுவில் போட்டு உடைப்பேன் என்று ஓடும்போதே வசனம்கூடத் தயார். மூச்சு விடாமல் விஷயத்தைச் சொன்னேன்.

"இரு இரு. நாளைக்குக் காலைல நான் அதுல ஏறலாமா, கூடாதா? அத மொதல்ல சொல்லு."

"ஏறலாம்க்கா. ஆனா சர்வீஸ் லிஃப்ட் ரெடியாயிட்டா மறுபடியும்..."

"அது ரெடியாவட்டும், அப்ப பாத்துக்கலாம். இன்னா பாப்பா நீ? என் முட்டிய வெச்சிகினு நீ பரீட்ச எழுதுறியா? போய்க் கை தூக்கச் சொல்லு. இங்க நின்னுகினு பேசிகினு கீற!"

பக்கத்திலிருந்த அக்காக்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். நான் திரும்பி ஓடினேன். வாழ்க்கையில் அவ்வளவு மெதுவாக நான் ஓடியதில்லை. மேடத்தைப் பார்த்துச் சரி என்று தலையை ஆட்டினேன். பதினெட்டு கை உயர்ந்தது.

7. பிறகு

திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் கஸ்தூரி அக்கா மெயின் லிஃப்டில் போனார். வியாழக்கிழமை சர்வீஸ் லிஃப்ட் சரியாகிவிட்டது! மூன்று வாரமாக வராத ஸ்பேர் பார்ட், தீர்மானம் போட்ட பிறகு மூன்றே நாளில் வந்து சேர்ந்தது. அறிவிப்பைப் புதிதாக லேமினேட் செய்து ஒட்டினார்கள். நான் மேடத்தின் மேஜைக்கு எதிரில் போய் நின்று, "சொன்னேன்ல?" என்றேன். அவர் முதல் பக்கத்தை என் முன்னால் தள்ளினார். சனிக்கிழமை இதழில் வருத்தம் தெரிவிக்கும் வரியை நானே டைப் செய்தேன். முதல் பக்கத்தை நான்கு முறை படித்தேன்.

ஆனால் அந்த மூன்று நாள் சும்மா போகவில்லை. கஸ்தூரி அக்கா மூச்சு வாங்காமல், நேரத்துக்கு வந்து நின்றதை ஐந்து வீடும் பார்த்துவிட்டது. மறுபடி ஒரே சர்வீஸ் லிஃப்டுக்காகக் குப்பை டிரம், டெலிவரிப் பைகள், மற்ற அக்காக்கள் என்று எல்லோரும் வரிசையில் நின்றபோது, தாமதமும் திரும்பி வந்தது. இந்த முறை யாரும் பஸ்ஸைக் குறை சொல்லவில்லை. அடுத்த வாரம் எங்களுக்குப் பதினோரு கடிதம். எல்லாவற்றின் அடியிலும் 8-பி மாதிரியே வீட்டு எண். கெஞ்சலும் இல்லை, கொள்கையும் இல்லை. 'என் வீட்டுக்கு வருகிறவர் எந்த லிஃப்டில் வர வேண்டும் என்று நான் சொல்லக் கூடாதா?' என்று எரிச்சலாக ஒன்று. மூன்றாவது மாடித் தம்பதி எழுதியது. அத்தனையையும் ஐந்தாம் பக்கத்தில் போட்டோம். இரண்டு வாரம் கழித்து இன்னொரு கூட்டம். விதி போயிற்று. கையை எண்ண வேண்டிய தேவைகூட வரவில்லை. எங்கள் இதழுக்குக் கேட்டும் திறந்தது.

நான் கற்றுக்கொண்டது இதுதான். என் தலைப்பு கூட்டத்தைக் கூட்டியது, ஒரு கையைக்கூட உயர்த்தவில்லை. மேடத்தின் மரியாதைக் கடிதம் கைகளை உயர்த்தியது. ஆனால் அந்தத் தலைப்பு இல்லாவிட்டால் ஒன்பது பேரும் முப்பது டீயும்தான். இரண்டில் எது சரி என்று நீங்கள் என்னைக் கேட்டால், நேர்காணலில் சொன்ன மாதிரி படபடவென்று இப்போது பதில் வராது. பாதி, பாதியாகவே நின்றுபோயிருக்கவும் கூடும். நின்றுபோன பாதிகளைப் பற்றித்தான் நூறு பக்கம் எழுதினேன். அந்த நூறு பக்கத்தில், படியில் உட்கார்ந்திருந்தவரிடம் ஓடிப்போய் 'உங்களுக்கு இது போதுமா?' என்று கேட்ட ஒரு வரிகூட இல்லை. கேட்டுவிட்டு எழுதுங்கள். பதில் உங்கள் முடிவுரைக்கு ஒத்துவராவிட்டாலும் எழுதுங்கள்.

விதி போன மறுநாள் காலை, மெயின் லிஃப்டுக்குள் கஸ்தூரி அக்காவை ஒரு படம் எடுத்து முதல் பக்கத்தில் போட வேண்டும் என்று கேமராவோடு ஓடினேன். கதவு மூடப்போகும்போது நடுவில் காலை வைத்தேன்.

"அக்கா, கொஞ்சம் சிரிங்க. ஒரே ஒரு ஃபோட்டோ!"

"ஃபோட்டோலாம் அப்பால. கால எடு பாப்பா, உள்ள வந்து ஒம்பது அமுக்கு. லேட்டாவுது."